குறிப்பு: வழக்கமானதுதான்

ராமநாதபுரம் சாலைத்தெருவில்
ஏழாயிரத்து இருநூறு சொன்னான் அசனலி.
பஸ்ஸுக்கு மிஞ்சும்படி
ஆறாயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்து
மீன்பெட்டித் தெர்மாகோலில் பொதிந்து
பாம்பன் பாலம் தாண்டும்வரை
மடியை விட்டு இறக்கவில்லை நான்.
ஒன்பது பேர் காசு அது. பாசிக்காசு.
ஏஜென்ட் எழுதும் எடையும் எங்கள் எடையும்
இனி ஒரே இடத்தில் நிற்கட்டும் என்று
சேர்த்த காசு.

சின்னப்பாலத்தில் கரண்ட் கொடுத்ததும்
ஒரு பூப்படம். பூவுக்குக் கீழே ஒரு பெயர்:
சவரிநாயகம்.
பெயருக்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம்.
கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று
மூச்சுவிடுவதுபோல் வந்து வந்து போனது.

சும்மா எதையோ தட்டினேன். தவறு என்றது.
அதோடு நிற்காமல்
அந்த மனுஷன் தனக்கே எழுதிவைத்த
குறிப்பையும் காட்டியது:
'வழக்கமானதுதான்.'

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
யாருக்கய்யா வழக்கம்?

'பொண்டாட்டி பேரா இருக்கும்' என்றாள் நம்புகாளி.
'எவன் பொண்டாட்டி பேர வழக்கமாச் சொல்றான்?'
இது முத்திருளாயி,
புருஷனை விட்டு ஆறு வருஷமானவள்.
வேளாங்கண்ணி அடித்தோம். அந்தோணியார் அடித்தோம்.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக அடித்தோம்.
பார் கிழித்த விரலில் துணி சுற்றியிருந்ததால்
ஒரு எழுத்து கேட்டால் இரண்டு விழுந்தது.

பெட்டியைச் சாய்த்து வெயிலில் பார்த்தேன்.
நாலு எழுத்து மட்டும் தேய்ந்து வழவழப்பாக.
எந்த நாலு என்று சொல்ல மாட்டேன்.
சேர்த்தால் ஒரு பெயர் வரும்போல் இருந்தது,
வராததுபோலும் இருந்தது.

அசனலிக்குப் போன் போட்டேன்.
காரைக்குடி பைனான்ஸ் ஆபீஸ் ஏலத்தில்
பதினாறு பெட்டி மொத்தமாக எடுத்ததாம்.
ஆள் யார், இருக்கிறாரா, தெரியாது.
'பென்டிரைவ் குடுத்தேன்ல அக்கா, சொருகுங்க.
இருபது நிமிஷத்துல எல்லாம் போயிரும்.'
'எல்லாம்னா?'
'அவரோடது.
உள்ள பாக்கணும்னா அதுக்கும் வழி இருக்கு,
இருநூறு ரூபா கூட.'

குருசடைப் பக்கம் முங்கும்போது
சில நாள் பாருக்கடியில் ஒரு சாக்கு கிடக்கும்,
கல்லில் கட்டி, பாதி நிறைந்து.
யாருடையது என்று முடிச்சே சொல்லும்.
சொல்லாவிட்டாலும் தொட மாட்டோம்.
மூச்சு முட்ட அதைத் தாண்டித்தான் மேலே வருவோம்.

ஆனால் இதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.
திறக்காமல் விடுவதென்றால்
கயிற்றை அறுத்து ஆழத்தில் விடுவது.
எது மரியாதை என்று மத்தியானம்வரை பேசினோம்.
கட்டக்கோரை புரட்டிப்போட ஆளில்லாமல் கரையில் காய்ந்தது.
கடைசியில் முத்திருளாயிதான்,
'நாம செத்தா நம்ம போன எவனாச்சும் நோண்டுனா?'
என்றாள்.
சொருகினேன்.

நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி எப்போதோ செத்திருந்தது.
கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.
சவரிநாயகம் இரண்டு தடவை அழிந்தார்.

கச்சான் தணிந்த நேரம்
புதுக்கட்டம் கேட்டது: உங்கள் பெயர்?
ஒன்பது பெயர் அதில் கொள்ளாது.
மரிக்கொழுந்து என்று வைத்தோம்,
நல்ல விலை போகும் பாசியின் பெயர்.
அடுத்து, கடவுச்சொல்.
எல்லாருக்கும் தெரியவேண்டிய சொல்தான் அது.
இருந்தும் நான் சொல்லாமலே திரும்பிக்கொண்டார்கள்,
வள்ளத்தில் ஒருத்தி ஈரச்சேலை மாற்றும்போது
மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்களே, அப்படி.

அடித்தேன். சரிபார்க்க மறுமுறை அடித்தேன்.
குறிப்பு எழுதாமல் விட மாட்டேன் என்றது.
'மறந்துட்டா, என்ன சொன்னா உனக்கு நெனப்பு வரும்?'
கடலைப் பார்த்தபடியே கேட்டாள் நம்புகாளி.
யோசித்துக்கொண்டே இருந்தேன்.
தேய்ந்த நாலு எழுத்தின் மேல்
விரல் தானாக வழுக்கிக்கொண்டிருந்தது.